ட்ரூயிட் வாழ்வில் விவேகம்: முதல் ஆண்டுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் வடபகுதியில் மன்லோக்கி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு புனித ஊற்று இருக்கிறது. நோய் தீர வேண்டி வருகிறவர்கள் ஒரு துணியை அந்த நீரில் நனைத்து, பக்கத்து மரத்தில் கட்டிவிட்டுப் போவது வழக்கம். துணி மக்க மக்க நோயும் கரையும் என்பது பழைய நம்பிக்கை. பருத்தியும் கம்பளியும் கட்டிய காலத்தில் துணி உண்மையிலேயே மக்கியது. இன்று பலர் கட்டிவிட்டுப் போகும் பாலியஸ்டர் துணி மக்குவதில்லை. கிளை பருக்கும்போது அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. கட்டியவருடைய பக்தியில் ஒரு குறையும் இல்லை. தான் எதைக் கட்டுகிறோம், அது மரத்தை என்ன செய்யும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஒரு நிமிட யோசனையைப் பழக்கமாக்குவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. ட்ரூயிட்கள் என்பவர்கள் மேற்கு ஐரோப்பாவின் பழங்காலக் கெல்டிக் மக்களிடையே இருந்த பூசாரிகள், அறிஞர்கள்; அவர்களை முன்மாதிரியாகக் கொண்டு இன்று பழகும் ஆன்மிக வழிதான் ட்ரூயிட் நெறி. அதில் இப்போதுதான் கால் வைக்கிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

நவீன ட்ரூயிட் அமைப்புகள் பல. இங்கிலாந்தில் ராஸ் நிக்கல்ஸ் 1964-இல் தொடங்கிய ‘பார்டுகள், ஓவேட்டுகள், ட்ரூயிட்கள் சங்கம்’ ஒன்று (பார்டு என்றால் கவிஞர், ஓவேட் என்றால் குறி காண்பவர்). அமெரிக்காவில் ஐசக் போன்விட்ஸ் 1983-இல் தொடங்கிய ‘ஆர் ன்ரீயக்ட் ஃபேன்’ மற்றொன்று. இதைச் சுருக்கமாக ஏடிஎஃப் என்பார்கள். ஒன்பது நற்பண்புகள் என்ற பட்டியல் இந்த இரண்டாவது அமைப்பினுடையது: விவேகம், பக்தி, தொலைநோக்கு, துணிவு, நேர்மை, விடாமுயற்சி, விருந்தோம்பல், அளவறிதல், வளமை. முதல் மூன்று பூசாரிக்குரியவை, அடுத்த மூன்று வீரனுக்குரியவை, கடைசி மூன்று உழைத்து விளைவிக்கிறவனுக்குரியவை என்று பிரித்துச் சொல்வதுண்டு. எல்லா ட்ரூயிட்களும் இந்தப் பட்டியலை ஏற்றுக்கொண்டவர்கள் இல்லை. ஆனால் எந்த அமைப்பில் இருந்தாலும், தனியாகவே பழகினாலும், கீழே சொல்லும் பயிற்சிகளைச் செய்யலாம்.

முதலில், எதை விவேகம் என்கிறோம்

ஏடிஎஃப் தரும் விளக்கத்தின் சாரம் இது: ஆட்களையும் சூழலையும் உள்ளபடி காண்பது, அதைப் பற்றி யோசிப்பது, தக்கது எது என்று தீர்மானிப்பது. காணுதல், எண்ணுதல், துணிதல். மூன்றுமே செய்கிற காரியங்கள். எத்தனை புத்தகம் படித்தீர்கள், எத்தனை கடவுள்களின் பெயர் தெரியும் என்ற பேச்சே இதில் வரவில்லை.

பழைய ட்ரூயிட்களைப் பற்றிக் கிடைக்கும் சான்றும் இதற்குப் பொருந்தி வருகிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் ‘கால்’ (Gaul) எனப்பட்ட, இன்றைய பிரான்ஸ் பகுதியில் போர் நடத்திய ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர், ட்ரூயிட்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் வழக்குத் தீர்த்ததைச் சொல்கிறார். கொலை, வாரிசுரிமை, எல்லைத் தகராறு எல்லாம் அவர்களிடம்தான் வந்தன. ஆண்டுக்கு ஒருமுறை கார்னூட் இனத்தாரின் நிலப்பகுதியில் ஒரு புனித இடத்தில் அவர்கள் கூட, வழக்கு உள்ளவர்கள் அங்கே வருவார்கள். தீர்ப்புக்குக் கட்டுப்படாதவர்களைப் பலிச் சடங்கிலிருந்து விலக்கி வைப்பார்கள். சிலர் 20 ஆண்டுகள் படித்தார்கள் என்றும் அவர் சொல்கிறார். அத்தனை ஆண்டுப் படிப்பை முடித்தவரிடம் ஊர் எதிர்பார்த்தது இரண்டு பேர் சண்டையில் எது நியாயம் என்று சொல்வதை. என் பார்வையில் இன்றைக்கும் ட்ரூயிட் விவேகத்தின் மையம் அதுதான்: நாலு பேர் வாழ்க்கையைத் தொடுகிற ஒரு முடிவை நல்லபடியாக எடுப்பது.

பழையது எது, புதியது எது

புதியவருக்கு வரும் முதல் சோதனை இந்த நெறியின் வரலாறே. இணையத்தில் தேடினால் ‘ஆயிரமாயிரம் ஆண்டுப் பழமை’ என்று ஏதேதோ கிடைக்கும். எதை எவ்வளவு நம்புவது என்று பிரித்துப் பார்ப்பதே நல்ல பயிற்சி. ஒரு நோட்டில் படித்ததைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று எழுதுங்கள். நான்கு அடுக்கு போதும்.

முதலாவது, கிரேக்க, ரோமானிய எழுத்தாளர்கள் சொன்னது. ட்ரூயிட்கள் வாழ்ந்த காலத்துக்கு நெருக்கமானது, ஆனால் வெளியாட்கள் எழுதியது. சீசர் அந்த நாட்டை வெல்லப் போன தளபதி என்பதை மறக்கக்கூடாது. ட்ரூயிட்கள் தங்கள் போதனையை எழுத்தில் வைக்கவில்லை என்று அவரே சொல்வதால், அவர்கள் தரப்பு நமக்குக் கிடைக்க வழியில்லை.

இரண்டாவது, இடைக்கால அயர்லாந்திலும் வேல்ஸிலும் எழுதப்பட்ட கதைகளும் நீதிமொழிகளும். மண்ணின் மைந்தர்கள் எழுதியவை. ஆனால் கிறித்துவம் வந்த பிறகு, பெரும்பாலும் மடங்களில் எழுதப்பட்டவை.

மூன்றாவது, 17, 18, 19-ஆம் நூற்றாண்டுகளின் மறுமலர்ச்சி. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தையும் ட்ரூயிட்களையும் இணைத்தது ஜான் ஆப்ரி, வில்லியம் ஸ்டுக்லி போன்றவர்கள். அந்தக் கற்களோ ட்ரூயிட்களைப் பற்றிய முதல் குறிப்புக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்னதாக நட்டவை.

நான்காவது, 20-ஆம் நூற்றாண்டில் உருவானது. மாதத்துக்கு ஒரு மரம் என்று சொல்லும் ‘கெல்டிக் மர நாட்காட்டி’ 1948-இல் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் முன்வைத்தது. அதை வைத்து ராசிபலன் போல எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

பிரித்துப் பார்த்துவிட்டு மூன்றையும் நான்கையும் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். வேல்ஸைச் சேர்ந்த கல்தச்சர் எட்வர்ட் வில்லியம்ஸ், அயோலோ மார்கனுக் என்ற புனைபெயர் கொண்டவர், 1792-இல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் பார்டுகளின் கூட்டத்தை நடத்தினார். பழைய சுவடிகளில் கண்டேன் என்று அவர் வெளியிட்டவற்றில் பலவற்றை அவரே எழுதியிருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது. ஆனாலும் அவர் தந்த பிரார்த்தனையை வேல்ஸின் தேசியக் கலைவிழாவிலும், பல ட்ரூயிட் சடங்குகளிலும் இன்றும் சொல்கிறார்கள். காப்பு கேட்டு, காப்பில் வலிமை கேட்டு, வலிமையில் புரிதல், புரிதலில் அறிவு, அறிவில் நீதியை அறிதல், பிறகு நீதியின் மேல் அன்பு, அந்த அன்பில் எல்லா உயிர்கள் மேலும் அன்பு என்று படிப்படியாக ஏறும் பிரார்த்தனை அது. யார், எப்போது எழுதியது என்று தெரிந்துகொண்டே அதை மனமாரச் சொல்ல முடியும். நான் அப்படித்தான் சொல்வேன். தெரியாமல் சொல்வதைவிட அது மேல்.

ஒரே மரம், ஒரே நோட்டு

காணுதலுக்கு வருவோம். நடந்து போகிற தூரத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். பேருந்து நிறுத்தத்து மரமாக இருந்தாலும் சரி. அழகான காட்டைத் தேடிக் கார் ஓட்டிப் போக வேண்டிய மரத்தை எடுக்காதீர்கள், இரண்டாவது மாதம் போகமாட்டீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது அங்கே பத்து நிமிடம் நின்று, கண்டதை எழுதுங்கள். இலை, மொட்டு, பூச்சி, பறவை, தரையில் கிடப்பது. உணர்ச்சி வசனம் வேண்டாம், கண்டது மட்டும்.

அயர்லாந்திலோ பிரிட்டனிலோ இருந்தால் ஹேசல் மரத்தை எடுக்கச் சொல்வேன். ஐரிஷ் கதைகளில் அறிவு இந்த மரத்தின் கொட்டையில்தான் இருக்கிறது. ஒன்பது ஹேசல் மரங்கள் சூழ்ந்த ஊற்றில் கொட்டைகள் விழ, அவற்றைத் தின்ற சால்மன் மீனுக்கு எல்லா அறிவும் வந்தது என்பார்கள். உண்மையான ஹேசலும் கவனிக்கிறவருக்கு நிறையக் கொடுக்கும். குளிர்காலக் கடைசியில், ஜனவரி பிப்ரவரியில், இலை ஒன்றும் இல்லாத கிளையில் மஞ்சள் குஞ்சங்கள் தொங்கும். எல்லோர் கண்ணிலும் படுவது அவைதான். அவை ஆண் பூக்கள். கொட்டை தரப்போகிற பெண் பூ, அதே கிளையில் மொட்டு போல இருக்கும் ஒன்றின் நுனியில் சில செந்நிற இழைகள், அவ்வளவே. சில மில்லிமீட்டர் இருக்கும். மூக்கு கிளையில் இடிக்கிற அளவு குனிந்து பார்த்தால்தான் தெரியும். பல ஆண்டுகளாக ஹேசல் வேலியைக் கடந்து நடக்கிறவர்களில் அதைக் கண்டவர்கள் குறைவு. ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், இத்தனை நாள் கண்முன்னே இருந்தும் பார்க்காமல் விட்டது இன்னும் என்னென்ன என்ற கேள்வி தானாக வரும். அந்தக் கேள்வி மனிதர்களைப் பார்க்கும்போதும் கூடவே வர வேண்டும்.

இந்தப் பயிற்சியில் ஒரு படி கூடுதலாகப் போங்கள். முன்கூட்டியே ஊகித்து எழுதுங்கள். ‘இன்னும் இரண்டு வாரத்தில் முதல் இலை வரும்’, ‘அக்டோபர் முடிவதற்குள் கொட்டை முழுக்க அணில் கொண்டுபோய்விடும்’ என்று தேதியோடு எழுதி வைத்து, பிறகு நடந்ததோடு ஒப்பிடுங்கள். உங்கள் கண் எங்கே தவறுகிறது என்பது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். சிலருக்கு எல்லாம் சீக்கிரம் நடக்கும் என்ற நினைப்பு இருக்கும். சிலர் மழையைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள். மரம் உங்களோடு வாதாடாது, கோபித்துக்கொள்ளாது. அதனால் தவறைப் பார்க்கப் பழகுவதற்கு மனிதர்களைவிட மரம் நல்ல இடம்.

ட்ரூயிட்கள் ஆண்டுச் சக்கரம் என்று சொல்லிக் கொண்டாடும் எட்டுப் பெருநாள்களையும் இப்படிப் பார்த்துக் கொண்டாடப் பழகுங்கள். பிப்ரவரி தொடக்கத்தில் வரும் இம்போல்க், அயர்லாந்தில் செம்மறியாட்டுக்குப் பால் ஊறத் தொடங்கும் காலத்தோடு சேர்ந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருக்கிற ட்ரூயிட்கள் பலர் ஆண்டுச் சக்கரத்தை அப்படியே திருப்பிவிட்டார்கள். வடக்கே நவம்பர் தொடக்கத்தில் வரும் சாவன் பெருநாளை அவர்கள் மே தொடக்கத்தில், தங்கள் ஊரில் உண்மையாகவே இருள் கூடும்போது கொண்டாடுகிறார்கள். நாட்காட்டியில் உள்ளதைவிட நிலத்தில் உள்ளதை நம்பிய முடிவு அது.

நான்கு வரிக் குறிப்பு

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிஎஃப் நெடுங்காலம் பின்பற்றிய தொடக்கப் பாடத்தில் மனப் பயிற்சிக்கு ஐந்து மாதக் குறிப்பேடு கேட்டார்கள். பெரும்பாலோர் அதில் தியானம் எப்படிப் போனது என்று எழுதுவார்கள். அதோடு முடிவுகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாரத்துக்கு ஒரு முடிவு போதும். சின்னதாக இருக்கட்டும். கடன் கேட்டவருக்கு என்ன சொல்வது, அலுவலகத்தில் ஒரு தவறைச் சுட்டிக்காட்டுவதா வேண்டாமா, அந்த அளவு.

முதல் வரி: நான் கண்டது என்ன.
இரண்டாவது வரி: அதற்கு நான் கொடுத்த அர்த்தம் என்ன.
மூன்றாவது வரி: நான் செய்தது என்ன.
நான்காவது வரி: வெற்றிடம். தேதி மட்டும் போட்டு விடுங்கள். ஆறு வாரம் கழித்து வந்து, நடந்தது என்ன என்று நிரப்புங்கள்.

மாதிரிக்கு ஒன்று. ‘குழுவுக்குப் புதிதாக வந்தவர் சடங்கில் பாடும்போது வாய் திறக்கவில்லை, முடிந்ததும் உடனே கிளம்பினார்.’ இது முதல் வரி. ‘அவருக்கு எங்களைப் பிடிக்கவில்லை.’ இது இரண்டாவது. ‘அடுத்த அழைப்பை அனுப்பவில்லை.’ இது மூன்றாவது. ஆறு வாரம் கழித்து, அவருக்குப் பாட்டு தெரியாது, கடைசி ரயிலைப் பிடிக்க ஓடினார் என்று தெரியவரலாம். முதல் வரியில் ஒரு தவறும் இல்லை. இரண்டாவது வரியில்தான் சறுக்கல். இந்த இரண்டு வரியையும் பிரித்து எழுதாமல் விட்டால், ‘புதியவருக்கு எங்களைப் பிடிக்கவில்லை’ என்பதே கண்ட உண்மையாக மனத்தில் உட்கார்ந்துவிடும்.

நான்காவது வரியை நிரப்பாமல் விடத்தான் கை போகும். முடிவு சரியாக வந்தவற்றை நிரப்பிவிட்டு மற்றதைத் தள்ளிப்போடுவோம். அதனால் நாட்காட்டியில் குறித்து வைத்து, நாள் வந்ததும் உட்கார்ந்து எழுதுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: நல்ல முடிவுக்கும் கெட்ட பலன் வரலாம், அசட்டு முடிவு அதிர்ஷ்டத்தால் தப்பலாம். பலனை மட்டும் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். அந்த நேரத்தில் தெரிந்துகொள்ள முடிந்ததைத் தெரிந்துகொண்டேனா என்று கேளுங்கள்.

கேட்கப் பழகுங்கள்

கார்மக் மாக் ஆர்ட் என்ற ஐரிஷ் அரசனிடம் மகன் கைர்ப்ரே கேள்வி கேட்க, அரசன் பதில் சொல்வதாக அமைந்த பழைய நீதிநூல் ஒன்று இருக்கிறது. சிறு வயதில் உங்கள் பழக்கங்கள் என்ன என்று மகன் கேட்கிறான். காட்டில் காது கொடுத்தேன், விண்மீன்களை நோக்கினேன், ரகசியங்களுக்குக் குருடாக இருந்தேன் என்று அடுக்கிக்கொண்டு போகிறார் அரசர். போர்க்களத்தில் கடுமை, விருந்துக்கூடத்தில் மென்மை என்று இடத்துக்குத் தக்க நடத்தையைச் சொல்கிறார். மிக அறிவாளியாகவும் இருக்காதே, மிக மூடனாகவும் இருக்காதே என்றும் எச்சரிக்கிறார். அறிவாளி என்று பெயர் எடுத்தால் உன்னிடம் அளவுக்கு மீறி எதிர்பார்ப்பார்கள், மூடனாக இருந்தால் ஏமாற்றுவார்கள் என்பது அவர் சொல்லும் காரணம்.

இதிலிருந்து ஒரு எளிய பயிற்சி. யாராவது பிரச்சினை என்று வந்தால், கருத்துச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வியாவது கேளுங்கள். ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்பதே போதும். ட்ரூயிட் வட்டங்களில் புராணமும் வரலாறும் நிறையப் படித்தவர்கள் இருப்பார்கள். படித்ததைக் கொட்டும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அயர்லாந்தின் பழைய மும்மொழிகளில், அதாவது மூன்று மூன்றாக அடுக்கிச் சொல்லும் நீதிமொழிகளில், ஒன்று இப்படிச் சொல்கிறது: உலகத்தின் மூன்று முரட்டுத்தனங்கள், இளையவர் முதியவரைக் கேலி செய்வது, உடல்நலம் உள்ளவர் நோயாளியைக் கேலி செய்வது, அறிவாளி மூடனைக் கேலி செய்வது. இதை மனப்பாடம் செய்யுங்கள்.

மனப்பாடம் என்பதைச் சும்மா சொல்லவில்லை. எழுத்தை நம்பினால் நினைவாற்றல் தளரும் என்பது ட்ரூயிட்கள் எழுதி வைக்காததற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று சீசர் கருதினார். மாதம் ஒரு மும்மொழியை நெட்டுருப் போடுங்கள். எனக்குப் பிடித்தது: உலகத்தைத் தாங்கும் மூன்று மெல்லியவை, பசுவின் மடியிலிருந்து கலயத்தில் விழும் பால்தாரை, மண்ணில் முளைக்கும் பச்சைப் பயிர், கைத்திறன் உள்ள பெண்ணின் கையில் ஓடும் நூல். இதை மனத்தில் வைத்திருப்பவர் ஒரு கூட்டத்தில் யாருடைய உழைப்பு கவனிக்கப்படவில்லை என்பதைச் சீக்கிரம் காண்பார்.

கட்டைவிரலை வாயில் வைக்கும் நேரம்

எண்ணுதலுக்கு ஒரு கதை. ஃபின்னேகஸ் என்ற கவிஞர் பாய்ன் ஆற்றங்கரையில் ஏழு ஆண்டுகள் காத்திருந்து அறிவின் சால்மனைப் பிடித்தார். சமைக்கும் வேலையைச் சீடனிடம் கொடுத்து, தின்னாதே என்றார். மீனைத் தொட்ட பையனின் கட்டைவிரல் சுட்டுவிட, அவன் விரலை வாயில் வைத்தான். அறிவு அவனுக்குப் போய்விட்டது. அவன்தான் ஃபின் மாக் கூல்.

பெரும்பாலோர் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின் வருவது. அதன்பிறகு ஃபின்னுக்கு ஏதாவது தெரிய வேண்டும் என்றால், ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலை வாயில் வைத்தாக வேண்டும். அறிவு அவனுக்குள்ளே இருந்தது, ஆனால் தானாக வேலை செய்யவில்லை. செய்கிற காரியத்தை நிறுத்தி, அதைக் கூப்பிட வேண்டியிருந்தது.

உங்களுக்கும் அப்படி ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். பதில் அனுப்பும் முன், கோபமாகப் பேசும் முன், சரி என்று ஒப்புக்கொள்ளும் முன் அதைச் செய்யுங்கள். ஏடிஎஃப்பில் ‘இரு ஆற்றல்’ தியானம் என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். கால் வழியாகப் பூமியின் அடியிலிருந்து நீரின் குளிர்ச்சி மேலேறுவதாகவும், தலைக்கு மேலிருந்து வானத்து ஒளி இறங்குவதாகவும், இரண்டும் உடலுக்குள் கலப்பதாகவும் நினைத்து மூச்சு விடுவது. முழுத் தியானத்தைக் காலையில் செய்து பழகினால், பகலில் மூன்று மூச்சில் அந்த நிலைக்கு வர முடியும். அந்த மூன்று மூச்சுக்குப் பிறகு மூன்று கேள்வி. இதில் எனக்குத் தெரியாதது எது? இதனால் பாதிக்கப்படுகிற, இங்கே இல்லாத ஆள் யார்? நாளைக்குச் சொன்னால் கெட்டுப்போகுமா? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் ‘கெடாது’ என்பதுதான் பதிலாக இருக்கும்.

துயரமும் மகிழ்ச்சியும்

அயர்லாந்தின் கவிஞர் மரபில் வந்த ஒரு பழைய உரை, ஒவ்வொரு மனிதருக்குள்ளும் மூன்று கொப்பரைகள் இருப்பதாகச் சொல்கிறது. ஒன்று பிறக்கும்போதே நிமிர்ந்திருக்கும். மற்றவை சாய்ந்தோ கவிழ்ந்தோ இருக்கும், அவை நிமிர வேண்டும். எது நிமிர்த்தும்? துயரமும் மகிழ்ச்சியும். துயரத்தில் வகைகளைக் கூடச் சொல்கிறது: ஏக்கம், இழப்பின் துக்கம், பொறாமையின் வேதனை, கடவுளுக்காக ஊரை விட்டுப் போகும் துயரம்.

பொறாமையையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருப்பது என்னை மிகவும் கவர்ந்தது. வெளியே சொல்லக் கூசும் உணர்ச்சிகூட ஒரு மனிதரைத் திறக்கலாம் என்று அந்தக் கவிஞர் நம்பியிருக்கிறார். விவேகம் என்றால் உணர்ச்சியை அடக்கிக் கல்லாக உட்காருவது என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நான்கு வரிக் குறிப்பு எழுதும்போது, இரண்டாவது வரிக்குப் பக்கத்தில் அந்த நேரத்து உணர்ச்சியின் பெயரை ஒரே சொல்லில் எழுதி வையுங்கள். பயம், பொறாமை, பாசம், களைப்பு. சில மாதக் குறிப்புகளைப் புரட்டும்போது, எந்த உணர்ச்சி உங்கள் கண்ணை மறைக்கிறது, எது கூர்மையாக்குகிறது என்பது தெரியும். இது ஆளுக்கு ஆள் மாறும்.

பெரிய துக்கம் நேர்ந்த காலத்தில் மட்டும் இந்தக் குறிப்பை விட்டுவிடுங்கள். முன்னோருக்கு ஒரு விளக்கு ஏற்றுங்கள், போதும். சாவன் பெருநாள் முன்னோரை நினைக்கும் நாள். அப்போது திரும்பி எழுதத் தொடங்கலாம்.

குறி கேட்பது

ஏடிஎஃப் சடங்கில் கடவுளர், முன்னோர், இயற்கை ஆவிகள் ஆகிய மூன்று கிளையினருக்கும் காணிக்கை செலுத்திய பிறகு குறி பார்ப்பார்கள். காணிக்கை ஏற்கப்பட்டதா, பதிலுக்கு என்ன அருள் கிடைக்கிறது என்று அறிவதற்கு. ஐரிஷ் மரபைப் பின்பற்றுகிறவர்கள் பலர் ஓகம் எழுத்துகள் பொறித்த குச்சிகளை எடுப்பார்கள். அந்த எழுத்துகள் 20, ஐந்தைந்தாக நான்கு வரிசை.

தனி வாழ்க்கையிலும் இதைச் செய்யலாம். சில ஒழுங்குகள் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியைக் குச்சி எடுக்கும் முன்னரே எழுதுங்கள், பிறகு மாற்றாதீர்கள். ஒரே கேள்விக்கு இரண்டாம் தடவை எடுக்காதீர்கள். வந்த பதில் பிடிக்காதபோது ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். பல நேரம் நீங்கள் தேடி வந்த விடை அந்த வரியிலேயே இருக்கும். உடல்நலம், பணம், சட்டம் பற்றிய கேள்விகளை அதற்குரியவர்களிடம் கேட்ட பிறகே குச்சியைத் தொடுங்கள். குறியை நான் மதிக்கிறேன். அது என் கவனத்தை நான் பார்க்காத பக்கம் திருப்புகிறது. ஆனால் முடிவுக்கான பொறுப்பை அதன் தலையில் போடுவதை ஏற்க முடியாது. ‘குறி அப்படி வந்தது, அதனால் செய்தேன்’ என்று யாராவது சொன்னால், எண்ணுதலும் துணிதலும் நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

பண்புகள் ஒன்றோடொன்று மோதும்போது

இங்கேதான் விவேகத்துக்கு உண்மையான வேலை. சடங்கின் முடிவில் ‘உயிர்நீர்’ என்று ஒரு கிண்ணம் சுற்றி வரும். சில குழுக்களில் அது விஸ்கி. வட்டத்தில் குடியிலிருந்து மீண்டுவரும் ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். மரபை அப்படியே காப்பது பக்தி. வந்தவரைச் சங்கடப்படுத்தாமல் இருப்பது விருந்தோம்பல். ‘இவருக்காக இன்று பழச்சாறு’ என்று அறிவித்தால் அவரை எல்லோர் முன்னும் நிறுத்தியது ஆகும். எப்போதுமே இரண்டு கிண்ணம், ஒன்றில் தண்ணீர், யார் எதை எடுத்தாலும் யாரும் கேட்பதில்லை என்று வழக்கமாக்கிவிட்டால், யார் பெயரும் அடிபடாது. தண்ணீரை அருளாக ஏற்பதில் மரபுக்கும் ஒரு தடையும் இல்லை.

இன்னொன்று, தீ. வேள்வித்தீ பல ட்ரூயிட் சடங்குகளின் மையம். கோடைக்காலத்தில் கலிபோர்னியா போன்ற இடங்களில் வெளியே தீ மூட்டத் தடை வரும். அப்போது கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மெழுகுவத்தி, அதற்கும் அனுமதி இல்லை என்றால் பேட்டரி விளக்கு. கடவுளுக்குக் காட்டின் உயிரைவிட நம் தீக்குண்டம் பெரிது என்று நான் நம்பவில்லை.

காணிக்கைப் பொருளிலும் இதே பார்வை வேண்டும். சாக்லேட் நாய்க்கு விஷம். உப்பு மண்ணைக் கெடுக்கும். நெகிழி மணி மாலை பறவையின் கழுத்தில் சிக்கும். கையளவு ஓட்ஸ், கொஞ்சம் தண்ணீர், ஒரு பாட்டு. இவை எங்கேயும் செல்லும்.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கண்ணோடு பாருங்கள். அறுபடாத பரம்பரை என்று சொல்லிப் பணம் கேட்பவரிடமிருந்து விலகுங்கள். குழந்தைகள் பாதுகாப்புக்கு எழுதி வைத்த விதிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு மூன்று பெருநாள்களுக்கு விருந்தினராகப் போய்விட்டுப் பிறகு சேரலாம். நல்ல குழு உங்களை அவசரப்படுத்தாது.

கட்டுரை எழுதும்போது

ஏடிஎஃப்பின் அதே தொடக்கப் பாடத்தில் ஒவ்வொரு நற்பண்புக்கும் குறைந்தது 125 சொற்களில் தன் புரிதலை எழுதச் சொன்னார்கள். அகராதியைத் திறந்து அங்கே தொடங்குவது பலருடைய வழக்கம். நான் சொல்வது வேறு. உங்கள் நான்கு வரிக் குறிப்பிலிருந்து இரண்டை எடுங்கள். ஒன்று சரியாக முடிந்தது, ஒன்று நான்காவது வரியில் உங்களைத் திருத்தியது. இரண்டையும் எழுதி, இடையில் என்ன வித்தியாசம் என்று யோசியுங்கள். அமைப்பின் விளக்கத்தில் நீங்கள் ஏற்காத சொல் ஏதும் இருந்தால் அதையும் எழுதுங்கள். சிலர் தொலைநோக்கையும் விவேகத்தையும் பிரிக்கவே முடியாது என்று வாதிடுவார்கள். அது நல்ல வாதம்தான்.

ஓராண்டு ஆவதற்கு முன் எழுத வேண்டாம். எட்டுப் பெருநாளும் கடந்து, மரம் ஒரு சுற்று முடித்து, ஐம்பது சொச்சம் முடிவுகளின் நான்காவது வரி நிரம்பியிருக்கட்டும். எழுதியதன் ஒரு பிரதியை நோட்டின் பின்னட்டையில் ஒட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு வேறு நிறப் பேனாவோடு அதன் ஓரத்தில் திருத்தம் போடுவதற்கு இடம் விட்டு ஒட்டுங்கள்.